கறுப்பு மை பூசிய கடிதம்

பாகிஸ்தான் விவகாரத்தை எங்கள் மாமனார் ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். எழுபத்தொன்றாம் வருஷம் அது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு எங்கள் வீட்டு வழியாகத்தான் போவார். அந்த நாட்டுக்கு மேற்கே ஒரு துண்டு, கிழக்கே ஒரு துண்டு, நடுவில் ஆயிரம் மைலுக்கு நம் நாடு, இப்போது கிழக்கே இருக்கிறவர்கள் தனியாகப் போகிறேன் என்கிறார்கள் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். மாமனார் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நடுவுல அடுத்தவன் நெலம். இந்தாண்ட ஒரு துண்டு, அந்தாண்ட ஒரு துண்டு. இப்டி கீற சொத்த ஒண்ணா வெச்சிக்கினு எவன் பயிர் வெப்பான்? பாகம் பிரிச்சிக்கினு போவ வேண்டிதுதான்" என்றார்.

அவருக்கு அதில் அனுபவம் உண்டு. தன் அண்ணனோடு நிலத்தையும் வீட்டையும் பாகம் பிரித்தவர். கிணறு மட்டும் பொது. யாருக்கு எந்தக் கிழமை இறைப்புமுறை என்பதில் தகராறு வந்து, அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா அது சாவுக்குத்தான்" என்று பெரியவர் தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் பிறகு.

மாமனாருக்கு விளங்காத விஷயம் ஒன்றே ஒன்று. அவனுங்க பாகம் பிரிக்கிற இடத்தில் என் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பார். வாத்தியார் அதற்கும் ஏதோ சொல்வார். அது மட்டும் அவர் காதில் ஏறவே ஏறாது.

அந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டினார். கிழக்கு எல்லையில் இருக்கிறார் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு எதுவும் தெரியாது. எனக்கு இருபது வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று மாசம் வராது. குழந்தை கிடையாது.

என் பயத்தைப் பற்றி வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது பாதி பயம். மீதிப் பாதி என்னைப் பற்றியது. மாகறலில் என் அப்பா வீட்டில், அப்பாவுடைய அக்கா ஒருத்தி இருந்தாள். பதினெட்டு வயதில் தாலி அறுத்தவள். மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சார்ப்பு, அதில் ஒரு பாய், ஒரு தட்டு. கல்யாணம் காட்சி என்றால் அவளே எழுந்து செய்யாற்றுப் பக்கம் போய்விடுவாள். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குச் சோறு கொண்டுபோய் வைத்துப் பழகிய கை என்னுடையது. சண்டை மூண்டுவிட்டது என்று ரேடியோ சொன்ன அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வருவதற்கு முன்னால் எனக்கு அந்தச் சார்ப்புதான் ஞாபகம் வந்தது. நல்ல பெண்சாதி!

கார்த்திகை மழை அந்த வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே போனது. எங்கள் ஊரில் இருந்து உத்திரமேரூருக்கு ஏரிக்கரை மேல் நடந்தால் சுருக்கு வழி. ஊருக்குள் ஆளுக்கு ஒரு புரளி. கல்பாக்கத்தில் அணு உலை கட்டுகிறார்கள், அதன் மேல் குண்டு போட வருகிறவன் குறி தவறி நம் தலையில் போடுவான் என்றார் ஒருவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பதுங்குகுழி என்று ஒரு பள்ளம் வெட்டினார்கள். இரண்டே நாளில் அது நிரம்பி உள்ளே தவளை கத்தியது. நான் சிரித்தேன், ஆனால் சோறு இறங்காது. சாப்பிடாமல் இருந்தால் மாமியார் அழுவாள் என்று இறங்காத சோற்றை இறக்குவேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுபகாரியக் காகிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். சாவுச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு மை பூசி வரும். அதைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். அந்தக் காகிதத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியிலேயே சேதியைக் கேட்டுக்கொண்டு, அங்கேயே கிழித்துப் போட்டு, தலை முழுகிவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் மாமனார் பேருக்குத்தான் வரும். அவருக்கு எழுத்து தெரியாது. வாங்கி மடியில் செருகிக்கொண்டு வந்து என்னிடம் கொடுப்பார். நான் நின்றபடி படிப்பேன். என் வீட்டுக்காரர் எனக்கென்று எழுதுகிற வரியைக்கூட இரண்டு பேர் முன்னால் சத்தம் போட்டுத்தான் படிக்க வேண்டும். அதனால் அவர் எனக்கென்று ஒரு வரியும் எழுதுவதில்லை, மாடு எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், மழை கொஞ்சம் விட்டிருந்த முற்பகல். நான் வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் மாமனார் வந்தார். வேட்டி, துண்டு, தலை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காலையிலேயே குளித்துவிட்டுப் போன மனிதர். மழையும் இல்லை.

எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவள் கண் என் முகத்தில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கியதை நான் பார்த்தேன். மாமனார் தெருவிலேயே நின்றார். உள்ளிருந்து எட்டிப் பார்த்த மாமியார் அப்படியே வாசலில் விழுந்து மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷத்தில் தெரு முழுக்க எங்கள் வாசலில்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மருமகள் மாமனாரிடம் நிமிர்ந்து பேசாத காலம் அது. நான் எழுந்து போய், கடிதம் எங்கே என்று கேட்டேன்.

தபால்காரர் ஏரிக்கரையில் பார்த்து ஒரு கடிதம் கொடுத்தாராம். எப்போதும் ஒட்டி வருகிற காகிதம் அன்றைக்குப் பிரித்தபடியே இருந்ததாம். பார்த்தால் கறுப்பு. தபால்காரரைக் கூப்பிடலாம் என்று திரும்பினால் அவர் சைக்கிள் போய்விட்டதாம். அங்கேயே கிழித்துக் கால்வாயில் விட்டுவிட்டு ஏரியில் முழுகிவிட்டு வந்திருக்கிறார். படித்துச் சொன்னது யார் என்று கேட்டேன். யாரும் படிக்கவில்லை. அதைப் படித்து வேறு பார்க்க வேண்டுமா என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றமே இல்லை. வழக்கப்படி எல்லாம் சரியாகச் செய்த களைப்புதான் இருந்தது. ஐயோ, இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது!

நான் ஏரிக்கரைக்கு ஓடினேன். என்னைப் பிடித்து உட்கார வைக்க வந்த பெண்களைத் தள்ளிவிட்டு ஓடினேன். கால்வாயில் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் இருளர் வீட்டுப் பெண் ஒருத்தி வளை தோண்டி எலி பிடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கிழித்துப் போட்டதை அவள் பார்த்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கோரையில் சிக்கியிருந்த துண்டு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. இரண்டு வரி தெரிந்தது. மாடு கன்று போட்டதா, காளையா கிடேரியா. அவருடைய கையெழுத்து.

கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். செத்துப்போனவர் எப்படிக் கடிதம் எழுதுவார் என்று எல்லோரிடமும் கேட்கப் போகிற தைரியத்தில் வந்தேன். வாசலில் மாமனாரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும்தான் நான் நிஜமாகவே பயந்தேன். மாமியார் அழுதது, தெரு கூடியது எதற்கும் நான் அசையவில்லை. ஒன்பது வருஷமாக மிதிக்காத வாசற்படியில் அந்த மனிதர் உட்கார்ந்து தம்பியின் தோளில் கை போட்டிருந்தார். சாவுக்குத்தான் வருவேன் என்றவர் வந்துவிட்டார். இனி இந்தச் சாவு இல்லை என்று யார் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

துண்டுக் காகிதத்தைக் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் எழுத்து தெரியும். மெதுவாகத்தான் பேசினார். கெட்ட எண்ணத்தில் பேசவில்லை.

"புள்ள எய்தினதுதாம்மா. இல்லன்னு சொல்லல. எய்தி வெச்சிட்டு போய்ட்டான். இருக்கிறத சர்க்காரு பிரிச்சி, மை பூசி, நமக்கு தெரியட்டும்னு அனுப்பிகீறான்."

கூட்டம் ஆமாம் என்றது. எனக்கும் அதில் ஒரு ஓட்டை தெரியவில்லை. கடிதம் பிரித்துத்தானே வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய சர்க்காருக்கு இந்தச் சின்ன முறை தெரியாதா? இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தப் பேச்சை நம்பினேன். தந்தி வரவில்லையே என்று யாரோ சொன்னார்கள். மழையில் கம்பி அறுந்திருக்கும் என்று வேறு யாரோ சொன்னார்கள். உடம்பு வராது, வைக்கோலில் உரு செய்து காரியம் பண்ண வேண்டும் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மாகறலுக்கு ஆள் அனுப்பினார்கள். பதினாறாம் நாள் எந்தக் கிழமை வருகிறது என்று ஒருவர் விரல் விட்டு எண்ணினார். நான் முந்தானையைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். விட்டால் அப்போதே தாலியைக் கழற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். இரண்டு நாள் அப்படியே பிடித்திருந்தேன், கை மரத்துப்போனது.

மூன்றாம் நாள் காலையில், நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தி வந்தாள்.

ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் அவளுக்கு. சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்காரன் பெண்சாதி என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. இரண்டு பிள்ளைகள். உத்திரமேரூர் சந்தையில் பார்த்தால், காயிதம் வந்துச்சா என்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். எலி பிடிக்கிற அந்தப் பெண் வேலைக்குப் போன இடத்தில் எங்கள் கதையைச் சொல்லியிருக்கிறாள். அக்கா கேட்டதும், தலையில் ஒரு கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஏரிக்கரை மேல் நடந்தே வந்துவிட்டாள். அவள் வந்தது துக்கம் கேட்க இல்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக மாமனாரிடம் போனாள். இடுப்பிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மூன்று கடிதங்களை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"ஓரத்துலியா பூசிகீது, நடுவுலியா?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். மூன்று கடிதத்திலும் வரிகளுக்கு நடுவே கட்டை கட்டையாகக் கறுப்பு மை. ஓரமெல்லாம் சுத்தம். தான் கிழித்ததிலும் நடுவில்தான் என்று தலையை ஆட்டினார்.

அக்காதான் விளக்கினாள். எந்த ஊரில் இருக்கிறோம், எந்த ஆற்றைத் தாண்டினோம் என்று எழுதினால் எதிரிக்குத் துப்பு போய்விடுமாம். அதனால் மேலதிகாரி கடிதத்தைப் பிரித்துப் படித்து அந்த இடத்தை மட்டும் மை போட்டு அடித்துவிடுவாராம். அவளுக்கே முதல் கடிதம் அப்படி வந்தபோது மாமியார் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டார்களாம். பிறகு அடுத்த கடிதம் வந்து அவள் வீட்டுக்காரர் திட்டி எழுதிய பிறகுதான் தெரிந்ததாம். "செத்தவன் காயிதம் இல்ல இது. உசுரோட கீறவன் வாய்தான் நீளும். அதுக்குத்தான் மை" என்றாள்.

மாமனார் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தலை முழுகிவிட்டேனே என்று அவர் அழுத அழுகையை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அவர் அண்ணன் எழுந்தார். துக்கத்துக்கு வந்தவரால் துக்கம் இல்லாத வீட்டில் உட்கார முடியவில்லை போலிருக்கிறது. படியில் கொஞ்ச நேரம் நின்று தயங்கிவிட்டுப் போனார். அக்கா என்னிடம் வந்து கழுத்தைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிறகு எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டாள்.

அதோடு பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கடிதம் எழுதியபோது உயிரோடு இருந்தார் என்றுதான் தெரிந்தது. எழுதியது எப்போது என்று தெரியாது. தேதி கால்வாயோடு போய்விட்டது. மாமனார் வேறு, தான் முழுகின முழுக்கே பிள்ளையின் ஆயுசைக் குறைத்துவிடும் என்று பயந்து, பரிகாரமாகத் தினம் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். ஒரு நாள் வாத்தியார் ஓடிவந்து சண்டை முடிந்தது, கிழக்கே இருந்தவர்களுக்குத் தனிநாடு ஆகிவிட்டது, வங்காளதேசம் என்று பெயர் என்றார். பஞ்சாயத்து ஆபீஸில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மாமனார் தன் மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பாகம் முடிஞ்சிடுச்சே, புள்ளைய அனுப்ப வேண்டிதுதானே என்று கேட்டார். 

சண்டை நடக்கும்போது இருந்த பயம் ஒரு மாதிரி என்றால், முடிந்த பிறகு வந்தது அதைவிட மோசம். இனி கணக்கெடுப்பார்கள், விழுந்தவர்கள் பெயரைச் சேர்ப்பார்கள், தந்தி இப்போதுதான் வரும் என்று எனக்கே தோன்றியது. சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பது நழுவும்.

மார்கழியில் ஒரு நாள் காலை, வெயில் நன்றாக ஏறியிருந்தது. வெளிச்சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தேன். காக்கிச் சட்டை போட்ட தந்திக்காரர் சைக்கிளில் தெருவுக்குள் திரும்பினார். எங்கள் வாசலில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. இரண்டாம் தரம் கேட்டார். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊருக்குக் கரை மேல் போகலாமா, சேறாக இருக்குமா, அங்கே பட்டாளத்துக்காரர் வீடு எது என்று கேட்டார்.

சாணிக் கையைத் தூக்கி வழி காட்டினேன். கரை மேலேயே போகலாம், இறங்கியதும் வேப்பமரத்தை ஒட்டின ஓட்டு வீடு என்று தெளிவாகச் சொன்னேன். அவர் போனார்.

"அப்பாடா" என்றேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே சொன்னேன். உள்ளிருந்து மாமியார் என்னவென்று கேட்டாள். தந்தி அத்தை, நமக்கு இல்லை என்றேன். சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வறட்டியைத் தட்டினேன், அதற்கடுத்ததையும் தட்டினேன். அதற்குப் பிறகுதான் யார் வீட்டுக்கு வழி சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

அன்றைக்கு நான் போகவில்லை. போக முடியவில்லை. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. சண்டை ஓய்ந்த பிறகு எழுதியது, மேலே தேதியோடு. நலமாக இருக்கிறேன், பங்குனியில் லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தார். சொன்னபடி பங்குனியில் வந்தார். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தார். கடிதம் வந்த அன்றைக்கு அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக எனக்கு மனசு இல்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்தேன்.

வேப்பமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் கட்டி அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. அழுது அழுது அவளுக்குக் குரல் இல்லை. சின்னப் பிள்ளை அவள் மடியில் தூங்கியிருந்தது. நான் போய் அவள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன்.  அவள்தான் என் கையைப் பிடித்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரரு காயிதம் போட்டாரா?"

ரவிக்கைக்குள் காகிதம் உறுத்தியது.

"இல்லக்கா" என்றேன்.

"வந்துரும் தங்கச்சி. பயப்படாத" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.